மிதவைக்கு 260 கிலோ என்ற கணக்கை எடை போட்டுச் சோதிப்பது எப்படி?

முனைக்காடு பதிவேடு:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்துல, வடகடல்ல (பாக் விரிகுடா) கப்பாபைகஸ்ங்கிற கடல்பாசி வளர்க்கிற மகளிர் குழு ஒண்ணுக்கு வரவு செலவு எழுதுறேன். அஞ்சு பேர், ஆளுக்கு 45 மிதவை, ஆக 225. எல்லாம் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிறுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. தினம் ஆளுக்கு ஒரு மிதவை அறுத்து, அன்னைக்கே மறுபடி கட்டி இறக்குற சுற்று.

விதை கொடுக்கிறவங்க "45 நாள்ல மிதவைக்குச் சராசரி 260 கிலோ ஈரப்பாசி"ன்னு சொல்லி, முன்பணத்தைத் திருப்புற தவணையையும் அந்தக் கணக்குலயே போட்டிருக்காங்க. அந்த அளவு வரலைன்னு அக்காமார் எல்லாரும் சொல்றாங்க. ஆனா கையில இருக்கிறது கூடைக் கணக்குதான், எடைக் கணக்கு இல்லை. அடுத்த சுற்றுல முறையா எடை போட்டு, அந்தத் தாளோட போய்ப் பேசலாம்னு இருக்கோம். 100 கிலோ தொங்கு தராசு ஒண்ணு இருக்கு.

எத்தனை மிதவை எடை போட்டா போதும்? 12 முடியும். 30-க்குக் குறைஞ்சா சோதனை செல்லாதுன்னு சிலர் சொல்றாங்க, அது சரியா? சராசரி 250-ன்னு வந்துச்சுன்னா "260 தப்பு"ன்னு சொல்லிடலாமா, இல்லை 10 கிலோ தற்செயலாவே குறையுமா? எக்செல்ல இதை எப்படிப் போடுறது? பன்னிரண்டாம் வகுப்புல எடுகோள் சோதனை படிச்சது கொஞ்சம் நினைவு இருக்கு, அவ்வளவுதான்.

தராசு முள்:

எடை போடுறதுக்கு முன்னாடியே கேட்டீர்கள், அது நல்லது சகோதரி. எடை கைக்கு வந்தபிறகு கேட்டால் பாதியைத் திருத்தவே முடியாது.

நோட்டில் தேதி போட்டு முதலில் இதை எழுதுங்கள். இன்மை எடுகோள்: இந்தச் சுற்றில் 225 மிதவைகளின் சராசரி 260 கிலோ. மாற்று எடுகோள்: சராசரி 260-க்குக் கீழே. மிகைகாண் நிலை (260 உண்மையாக இருந்தும் அதைத் தவறாக மறுத்துவிடுகிற வாய்ப்பு): 5 சதவீதம். உங்கள் சண்டை குறைவதைப் பற்றி மட்டும்தான், கூடினால் யாரும் புகார் சொல்லப்போவதில்லை. அதனால் ஒருமுனைச் சோதனை பொருத்தம். ஆனால் அதை எடை பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எடையைப் பார்த்துவிட்டு "குறைவாகத்தானே இருக்கிறது, ஒருமுனை போடுவோம்" என்றால், 5 சதவீதம் என்று சொன்ன தவறு வாய்ப்பு உண்மையில் 10 ஆகிவிடும்.

கணக்கு விளங்க, நானே இட்டுக்கட்டிய 12 எடைகளை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன் (கிலோவில்): 248, 262, 231, 255, 270, 240, 226, 251, 264, 238, 245, 258.

கூட்டுத்தொகை 2988, சராசரி 249. ஒவ்வொரு எடையிலிருந்தும் 249-ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2028. இதை 12-ஆல் அல்ல, 11-ஆல் வகுக்க வேண்டும். 184.36 வரும், அதன் வர்க்கமூலம் 13.58. இதுதான் மாதிரியின் திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. இதை √12, அதாவது 3.464-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 3.92. பன்னிரண்டு பன்னிரண்டாகத் திரும்பத் திரும்ப எடுத்தால் சராசரி எவ்வளவு ஆடும் என்பதற்கு இந்த 3.92 கிலோதான் அளவு. நீங்கள் கேட்ட "தற்செயலாக 10 கிலோ குறையுமா" என்ற கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது.

சராசரிக்கும் 260-க்கும் இடைவெளி 11. அதை 3.92-ஆல் வகுத்தால் 2.81, குறைவு என்பதால் டி மதிப்பு −2.81. டி அட்டவணையில் 11 கட்டின்மைக் கூறுக்கு (மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைத்தது), ஒருமுனை 5 சதவீதத்தில் எல்லை 1.796. அதைத் தாண்டிவிட்டது, ஆகவே 260 என்ற கூற்றை மறுக்கலாம். ஒருமுனை 1 சதவீத எல்லையான 2.718-ஐயும் தாண்டியிருக்கிறது, அதாவது பி மதிப்பு (260 உண்மையானால் தற்செயலாக இவ்வளவு குறைய உள்ள வாய்ப்பு) 0.01-க்கும் கீழே.

11-க்குப் பதில் 12-ஆல் வகுத்திருந்தால் 169 வந்து, திட்ட விலக்கம் 13 என்று முழு எண்ணாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு. டி மதிப்பு 2.93 என்று ஊதிவிடும். எக்செல்லில் எஸ்டிடெவ் டாட் எஸ் போடுங்கள், டாட் பி போடாதீர்கள். பி மதிப்புக்கு டி டாட் டிஸ்ட் எடுத்து டி மதிப்பை மைனஸ் குறியோடு கொடுத்து, 11, ட்ரூ என்று முடித்தால் இடதுமுனை வாய்ப்பு நேராக வந்துவிடும். ஒரே மாதிரிக்கென்று எக்செல்லில் தனி டி சோதனை கிடையாது. அதனால் சிலர் பக்கத்து நிரலில் பன்னிரண்டு தடவை 260 என்று நிரப்பி டி டாட் டெஸ்ட் போடுவார்கள். அதுவும் சரியான விடையே தரும், ஆனால் வகை 1 கொடுத்தால் மட்டும். வகை 2 கொடுத்தால் கட்டின்மை 22 என்று எடுத்துக்கொண்டு பி மதிப்பைப் பொய்யாகச் சிறுக்கவைக்கும். அந்தக் கட்டளை குறியைப் பார்க்காது என்பதையும் மறக்கவேண்டாம். சராசரி 271 வந்தாலும் அதே சிறிய பி மதிப்பைத்தான் காட்டும்.

30 கதைக்கு வருவோம். திட்ட விலக்கத்தையும் மாதிரியிலிருந்தே மதிப்பிடும்போது சிறிய மாதிரியில் இயல்நிலைப் பரவலின் ஒருமுனை 5 சதவீத எல்லையான 1.645 போதாது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் தீர்த்துவைத்தது இதைத்தான். டி அட்டவணை சிறிய மாதிரிக்காகவே பிறந்தது. 4 மிதவை என்றால் எல்லை 2.353, 12 என்றால் 1.796, 30 என்றால் 1.699. மாதிரி சிறுக்கச் சிறுக்க எல்லை ஏறும், அவ்வளவுதான். எடைகள் ஒரு பக்கமாக நீண்டு சாயாமல், ஓரளவு நடுவைச் சுற்றி நின்றால் 12 வைத்துத் தாராளமாகச் சோதிக்கலாம்.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது டி மதிப்பைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 95 சதவீத நம்பக இடைவெளியைச் சொல்லுங்கள். இருமுனை எல்லை 2.201, அதை 3.92-ஆல் பெருக்கினால் 8.6. ஆக 240.4 முதல் 257.6 கிலோ வரை. "சராசரி இதற்குள் இருக்கலாம், 260 இதற்கு வெளியே இருக்கிறது" என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் பி மதிப்பு 0.009 என்றால் "260 சரியாக இருக்க 0.9 சதவீதம்தான் வாய்ப்பு" என்று எழுதிவிடாதீர்கள். 260 உண்மை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடவோ குறைந்த மாதிரி கிடைக்க அவ்வளவுதான் வாய்ப்பு என்பதே அதன் பொருள்.

வாடைக்காற்று:

மேலே போட்ட கணக்கில் குறை இல்லை. ஆனால் எனக்குக் கவலை கணக்கைப் பற்றி அல்ல, தராசுக்கு வருவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி. டி சோதனைக்குத் தற்செயல் ஆட்டம் மட்டும்தான் தெரியும். ஒரே பக்கமாக இழுக்கிற தவறு இருந்தால் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

முதலில் நாள் கணக்கு. 60 கிலோ விதை (400 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்) 45 நாளில் 260 ஆகிறது என்றால், ஒரே விகிதத்தில் வளர்வதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய 3.3 சதவீதம். கடைசி நாட்களில் அது ஒரு நாளுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல்! 43-ஆம் நாளில் அறுத்தால் 244 கிலோ சுமார்தான் இருக்கும். விதையில் எந்தக் குறையும் இல்லாமலேயே 16 கிலோ போய்விட்டது. காற்று எழும்பும் என்று இரண்டு நாள் முந்தி அறுப்பது வழக்கமாக நடப்பதுதான். அந்த மிதவைகளைக் கலந்துவிட்டுச் சோதித்தால் 260 "பொய்" என்றுதான் வரும், எதிர்த்தரப்பு அதை ஒரே கேள்வியில் உடைத்துவிடும். ஒவ்வொரு மிதவைக்கும் இறக்கிய தேதி, அறுத்த தேதி இரண்டையும் எழுதுங்கள். 45 நாள் நிறைந்தவை மட்டும் மாதிரியில் சேரும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

அடுத்தது முடிச்சு. 150 கிராமுக்குப் பதில் கை மதிப்பில் 143 கிராம் கட்டினால், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மொத்த விதை 57.2 கிலோ ஆகும், அதே வளர்ச்சியில் அறுவடை 248 கிலோதான். முடிச்சுக்கு ஏழு கிராம், மிதவைக்கு 12 கிலோ! ஆகவே சோதிக்கிற மிதவைகளில் விதைப்பாசியைக் கட்டுவதற்கு முன் மொத்தமாக நிறுத்து 60 கிலோ என்று உறுதி செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் விதையின் தரத்தைச் சோதிக்கவில்லை, கை அளவைத்தான் சோதிக்கிறீர்கள்.

மூன்றாவது, 260 என்பது எந்த எடை? மறுநடவுக்கு எடுக்கிற 60 கிலோவும் சேர்த்தா, கழித்தா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்த்து என்றால், கரைக்கு வந்ததும் விதைப்பாசியைப் பிரிப்பதற்கு முன்பே மொத்தத்தையும் நிறுக்க வேண்டும்.

நீர் வடியும் நேரமும் எல்லா மிதவைக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். கூடையில் போட்டு, நிழலில், கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம். ஒரு கூடைக்கு 40 கிலோ என்றால் மிதவைக்கு ஏழு கூடை வரும். கூடைக்கு ஒரு கிலோ தண்ணீர் தங்கினாலே ஏழு கிலோ கூடிவிடும். கூடையின் எடையைக் கழிக்கும்போது நனைந்த கூடையை நிறுத்துக் கழியுங்கள், காய்ந்த கூடையை அல்ல. தராசை 20 கிலோ முத்திரைக் கல் ஒன்றை மாட்டி, அறுவடைக்கு முன்னும் பின்னும் சரிபாருங்கள். தராசு 2 சதவீதம் குறைத்துக் காட்டினால் 260 என்பது 254.8 ஆகத் தெரியும். பன்னிரண்டு மிதவையில் அதே தவறு பன்னிரண்டு தடவை நடக்கும், திட்ட விலக்கத்தில் தடயம்கூட விழாது.

"இருபது கயிற்றில் இரண்டை மட்டும் நிறுத்துப் பத்தால் பெருக்கினால் வேலை மிச்சமாகுமே" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓரக் கயிறும் நடுக் கயிறும் ஒரே மாதிரி வளரும் என்று நம்பக் காரணம் இல்லை. வயலில் இதே பாடத்தை 1940-களிலேயே புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே காட்டிவிட்டார். அறுவடைப் பரிசோதனைக்கு மிகச் சிறிய துண்டு வெட்டினால், எல்லையில் நிற்கிற பயிரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று. மிதவை முழுவதையும் நிறுங்கள்.

காய்ந்த பாசியை வைத்துச் சோதிக்க நினைக்கவேண்டாம். ஈரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. எவ்வளவு காய்ந்தது என்பதில் வருகிற ஏற்ற இறக்கம் உங்கள் 11 கிலோவை விழுங்கிவிடும்.

முனைக்காடு பதிவேடு:

ரொம்ப நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். முடிச்சு கணக்கைப் படிச்சதும் அக்காமாருக்குச் சொல்லிட்டேன், அடுத்த இறக்கத்துல இருந்து நிறுத்துக் கட்டப்போறோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. மிதவைகளைப் பத்துப் பத்தா சேர்த்து நங்கூரம் போட்டிருக்கு. ஒரே தொகுப்புல, இல்லைன்னா கரைக்குக் கிட்ட இருக்கிற ரெண்டு மூணு தொகுப்புல 12 மிதவையை எடுத்துக்கலாமா? வத்தை ஓட்டுற செலவு குறையும். ரெண்டாவது, ஓரா மீன் வலையைக் கடிச்சு உள்ளே புகுந்து தின்னுட்டா, அந்த மிதவையில 120 கிலோதான் வரும். அதைக் கணக்குல சேர்க்கணுமா, விடணுமா?

தொண்டி புள்ளி:

முதல் கேள்விக்கு: வேண்டாங்க. எண்ணைப் போட்டுக் காட்டுறேன், அப்பதான் எவ்வளவு ஆபத்துன்னு தெரியும்.

தராசு முள் அண்ணன் போட்ட அதே 12 எடையை எடுத்துக்குங்க. அது மூணு தொகுப்புல இருந்து நாலு நாலா வந்துச்சுன்னு வைப்போம். முதல் தொகுப்பு 262, 270, 264, 258. ரெண்டாவது 248, 255, 251, 245. மூணாவது 231, 240, 226, 238. மொத்தச் சராசரி அதே 249-தான். ஆனா தொகுப்புச் சராசரிகளைப் பாருங்க: 263.5, 249.75, 233.75. ஒரே தொகுப்புல இருக்கிற நாலும் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொல்லுது. ஒரே நீரோட்டம், ஒரே ஆழம், ஒரே கை கட்டினது. தண்டு வெளுத்து முறியிற ஐஸ்-ஐஸ் நோய் வந்தாலும் பக்கத்துப் பக்கத்து மிதவைக்குச் சேர்ந்தே வரும். அப்போ உங்க கையில 12 தனித்தனிச் சாட்சி இல்லை, மூணுதான்.

மூணு சராசரியை மட்டும் வெச்சு சோதிச்சா, திட்ட விலக்கம் 14.89, திட்டப் பிழை 8.60, டி மதிப்பு −1.28. கட்டின்மை 2-க்கு எல்லை 2.92. கிட்டக்கூட போகலை. அதே 12 எடை, அதே 249, அதே 11 கிலோ குறை. ஆனா முன்னாடி 1 சதவீதத்துலயே மறுத்த கூற்றை இப்போ 5 சதவீதத்துலகூட மறுக்க முடியலை. தொகுப்பை மறைச்சுட்டு 12-ன்னு போட்டா கணக்கு பொய் சொல்லும், எக்செல் ஒரு எச்சரிக்கையும் தராது.

ஆகவே ஒரு தொகுப்புக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். உங்க ஏற்பாட்டுக்கு நான் சொல்றது இது: அஞ்சு பேருக்கும் ஆளுக்கு மூணு, ஆக 15 மிதவை. ஒவ்வொருத்தர் பேருக்கும் 1 முதல் 45 வரை சீட்டு எழுதிக் குலுக்கி மூணு எடுங்க. அந்த எண் மிதவை எண், அதுவே அறுக்கிற நாளும். ரெண்டு சீட்டு ஒரே தொகுப்புல விழுந்தா பின்னாடி எடுத்ததைத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு எடுங்க. இப்படிச் செஞ்சா நாளும் பரவிடும். முதல் வாரத்துலயே 15-ஐயும் எடுத்தா, அந்த வாரத்துக் கடலைத்தான் அளந்திருப்பீங்க. அறுக்கிறவங்க "இது நல்லா இருக்கு, இதை எடை போடுவோம்"னு தேர்ந்தெடுக்கவே கூடாது, மோசமானதைத் தேடி எடுக்கவும் கூடாது. கரையோரத் தொகுப்பு மட்டும்னா, கடலுக்குள்ள இருக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை பேச உரிமை இல்லை.

225-ல 15 எடுக்கிறதால முடிவுள்ள தொகுதித் திருத்தம்னு ஒண்ணு போடலாம். திட்டப் பிழை மூணு நாலு சதவீதம்தான் குறையும். போடாட்டி நமக்குப் பாதகமான பக்கம்தான் இருக்கோம், விட்டுடுங்க.

இந்த முடிவு எந்தப் பருவத்துக்குங்கிறதையும் தலைப்புலயே எழுதுங்க. வடகடல்ல வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகைச் சுற்றும் பங்குனிச் சுற்றும் ஒரே முழுமைத்தொகுதி (மாதிரி எடுக்கிற மொத்தக் கூட்டம்) கிடையாது. பங்குனியில எடை போட்டுட்டு வருஷம் முழுசுக்கும் பேசினா ஒத்துக்க மாட்டாங்க, அது நியாயமும்கூட.

தராசு முள்:

ஓரா மீன் கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எண் நம் உள்ளுணர்வுக்கு எதிராகப் போகும்.

என் பட்டியலில் 226-ஐ எடுத்துவிட்டு 120 என்று வையுங்கள். சராசரி 249-லிருந்து 240.2-க்கு இறங்குகிறது. குறை கூடிவிட்டது, சோதனை இன்னும் உறுதியாக மறுக்கும் என்றுதானே தோன்றும்? மறுக்காது. திட்ட விலக்கம் 13.6-லிருந்து 39.5-க்குத் தாவுகிறது, திட்டப் பிழை 11.4, டி மதிப்பு −1.74. எல்லை 1.796. மயிரிழையில் தவறிவிட்டது. ஒரே ஒரு மிதவை சராசரியைக் கீழே இழுத்த அளவைவிட, சிதறலை அதிகமாக ஊதிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு அந்த 120-ஐ நீக்கினால் அது கையாடல். நீக்குவதா, வேண்டாமா என்பது கூற்று எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது. "வலை கிழியாமல், நோய் தாக்காமல் வளர்ந்த மிதவைக்கு 260" என்பதுதான் கூற்று என்றால், கிழிந்த வலை உள்ளவற்றை நீக்கலாம். ஆனால் எது கிழிசல் என்பதை நிறுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துக் குறித்திருக்க வேண்டும், எடை குறைந்ததைப் பார்த்தபிறகு வலையைத் தேடக்கூடாது. "மிதவைக்கு 260, அதை வைத்துத் தவணை" என்றால் ஓரா தின்றதும் உங்கள் நட்டம்தான், அதைச் சேர்த்தே ஆகவேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது என்றே தோன்றுகிறது.

சேர்க்கும்போது டி சோதனையோடு வில்காக்சன் குறித்தரச் சோதனையையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு எடைக்கும் 260-க்கும் உள்ள வித்தியாசத்தை, குறியை விட்டுவிட்டுச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி 1 முதல் 12 வரை தரம் கொடுக்க வேண்டும். சமமானவற்றுக்குத் தரத்தைப் பங்கிடுங்கள். 260-க்கு மேலே உள்ள மூன்றின் (262, 264, 270) தரங்கள் 1.5, 3, 6. கூட்டினால் 10.5. பன்னிரண்டு எடைக்கு ஒருமுனை 5 சதவீத எல்லை 17, அதற்குக் கீழே இருப்பதால் மறுக்கலாம். 226 இருந்தாலும் 120 இருந்தாலும் அதன் தரம் 12-தான், விடை மாறாது. ஒரு விலை உண்டு: இது வித்தியாசங்கள் நடுவின் இருபுறமும் ஒத்திருப்பதாக வைத்துக்கொண்டு நடுவைப் பற்றிப் பேசுகிறது, கூட்டுத்தொகையைப் பற்றி அல்ல. பணம் மொத்த எடைக்கு வருவதால் சராசரிதான் உங்களுக்கு முதன்மை. இரண்டில் எது முதன்மை, எது துணை என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளும் வேலை வேண்டாம்.

எத்தனை மிதவை என்பதற்கு இப்போதுதான் ஒழுங்கான விடை சொல்ல முடியும். எவ்வளவு குறைந்தால் உங்களுக்கு வலிக்கும்? 10 கிலோ என்று வைப்போம், திட்ட விலக்கம் 14 சுமாராக. உண்மையிலேயே 10 கிலோ குறைவாக இருந்தால் பத்துக்கு எட்டுத் தடவையாவது அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால்: 1.645-ஐயும் (ஒருமுனை 5 சதவீதத்துக்கு) 0.842-ஐயும் (பத்துக்கு எட்டுத் தடவைக்கு) கூட்டி, 14/10-ஆல் பெருக்கி, வர்க்கப்படுத்துங்கள். 12.1 வரும். சிறிய மாதிரி என்பதால் ஒன்றிரண்டு கூட்டி 14. தொண்டி நண்பர் சொன்ன 15 சரியாகப் பொருந்துகிறது. 5 கிலோ குறையையே பிடிக்க வேண்டும் என்றால் இதே கணக்கு 50-க்குப் போகும். பாதிக் குறைக்கு நாலு மடங்கு மாதிரி, இதில் குறுக்குவழி இல்லை.

உப்புக்காற்று:

ஒரு மாற்றுக் கருத்து. இன்மை எடுகோளில் 260-ஐ வைப்பதால் சந்தேகத்தின் பலன் முழுவதும் விதை கொடுத்தவர் பக்கம் போகிறது. நாலு மிதவையை மட்டும் எடை போட்டு, அதே 249-ம் அதே 13.58-ம் வந்தால் டி மதிப்பு −1.62, எல்லை 2.353. "மறுக்க முடியவில்லை." உடனே அவர்கள் "பார்த்தீர்களா, 260 நிரூபணமாகிவிட்டது" என்பார்கள். நிரூபணம் ஆகவில்லை. நாலு மிதவைக்கு அதைக் கண்டுபிடிக்கும் சக்தி இல்லை, அவ்வளவே. மறுக்க முடியாமல் போனால் தாளில் "260 சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். நம்பக இடைவெளியை அப்படியே எழுதுங்கள். மேலே சொன்ன நாலு மிதவை உதாரணத்தில் அது 227 முதல் 271 வரை விரியும். 260-உம் அதற்குள் இருக்கிறது, 235-உம் இருக்கிறது என்று அவர்களுக்கே காட்டலாம்.

முடிந்தால் விதை கொடுத்தவரின் ஆள் ஒருவரையும் எடை போடும் நாட்களில் கரைக்கு வரச் சொல்லி, ஏட்டில் கையெழுத்து வாங்குங்கள். விதிகளை முன்கூட்டியே அவருக்கும் ஒரு படி கொடுத்துவிட்டால், பின்னால் தராசைப் பற்றியும் நாளைப் பற்றியும் வாக்குவாதம் எழாது.

முனைக்காடு பதிவேடு:

சீட்டு குலுக்கிட்டோம். 15 எண்ணும் நோட்டுல ஏறிடுச்சு, அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. 260 விதையோட சேர்த்தா இல்லையான்னு எழுத்துல கேட்டிருக்கோம். கடைசியா ஒண்ணு: குலுக்கல்ல வந்த ஒரு மிதவையை அந்த நாள்ல காத்து காரணமா அறுக்க முடியலைன்னா, பக்கத்து மிதவையை எடுத்துக்கலாமா?

வாடைக்காற்று:

பக்கத்தில் இருப்பது வேண்டாம் அக்கா. இப்போதே ஆளுக்கு இரண்டு சீட்டு கூடுதலாகக் குலுக்கி, "மாற்று 1, மாற்று 2" என்று வரிசையோடு எழுதி வையுங்கள். 45-ஆம் நாள் தவறினால் அந்த மிதவையை விட்டுவிட்டு, அறுக்கும் நாள் இன்னும் வராத முதல் மாற்றுக்குப் போங்கள். எந்த மிதவை, எதனால் விட்டது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். காற்றில் கயிறு அறுந்து மிதவையே போய்விட்டால் மட்டும் மாற்று எடுக்காதீர்கள். அது "அறுக்க முடியவில்லை" அல்ல, அறுவடை பூஜ்யம். மிதவைக்கு இவ்வளவு என்று தவணை கட்டுகிறபோது அந்தப் பூஜ்யமும் பதினைந்தில் ஒன்று. ஒரு பூஜ்யம் திட்ட விலக்கத்தை எவ்வளவு ஊதும் என்று மேலே 120-ஐ வைத்தே பார்த்துவிட்டீர்கள். அதனால் அப்படி நடந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள்: பதினைந்தில் எத்தனை மிதவை போனது, நின்றவற்றின் சராசரி என்ன, அதன் இடைவெளி என்ன என்று தனித்தனியாக.